லாங் ஆர்ம் மிஷின் இழுக்கிறதா? முதலில் ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள்

பெங்களூரில் விற்றவர் வீட்டில் ஓட்டிப் பார்த்தபோது ஒரு விரலால் தள்ளினாலே நகர்ந்த மிஷின் அது, குயில்ட் என்கிற பஞ்சு வைத்த அடுக்குப் போர்வை தைக்கிற லாங் ஆர்ம் மிஷின். குட்டி யானையில் ஏற்றி, ஓசூர், சூளகிரி தாண்டிக் கிருஷ்ணகிரிக்குக் கொண்டுவந்து, மொட்டை மாடியில் ஷீட் போட்ட அறையில் 12 அடி ஃப்ரேமைக் கோத்து முடித்ததும் அதே மிஷின் சேற்றில் இறங்கிய கட்டைவண்டி ஆகிவிட்டது. பூ போட நினைத்தால் இதழ் முனை உடைந்தது. கைப்பிடியை விட்டால் தானாக இடது மூலைக்கு உருண்டு போனது. எல்லோரும் செய்வதைத்தான் நானும் முதலில் செய்தேன்: ஃபோனை எடுத்து இறக்குமதி வீல் செட் என்ன விலை என்று பார்த்தேன். விலையைச் சொன்னதும் வீட்டில் இரண்டு நாள் யாரும் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

பிற்பாடு வீல் மாற்றினேன்தான். ஆனால் அதற்கு முன்னால் செய்த சில்லறை வேலைகளிலேயே பாதிக்கு மேல் சரியாகிவிட்டது. அந்த வேலைகளைச் செய்யாமல் வீல் மட்டும் மாற்றியிருந்தால், விலை உயர்ந்த சக்கரம் வைத்த கட்டைவண்டிதான் மிஞ்சியிருக்கும். ஆகவே இதைப் படிக்கிறவர்கள் பணப்பையைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். மிஷின் எங்கே பிடிக்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சாதாரணத் தையல் மிஷினில் மிஷின் நிற்கும், துணி நகரும். இதில் மேல்துணி, நடுவே வைக்கிற பஞ்சு விரிப்பான வாடிங், அடித்துணி மூன்றும் ரோலர்களில் விரிந்து நிற்கும், மிஷின்தான் அதன் மேல் நகரும். நகர்வதற்கு இரண்டு அடுக்கு உண்டு. கீழே ஒரு கேரியேஜ். நாங்கள் வீட்டில் அதை வண்டி என்றே சொல்கிறோம். அந்த வண்டியின் சக்கரங்கள் டேபிள் ரெயிலில் இடவலமாக ஓடும். வண்டியின் மேல் இரண்டு குட்டி ரெயில். அதில் மிஷின் தலையின் சக்கரங்கள் முன்பின்னாக ஓடும். என் மிஷினில் தலை மட்டும் 20 கிலோவுக்கு மேல். முன்பின்னாகத் தள்ளும்போது தலையை மட்டும் தள்ளுகிறீர்கள். இடவலமாகத் தள்ளும்போது தலை, வண்டி இரண்டையும் சேர்த்துத் தள்ளுகிறீர்கள். இடவலம் கொஞ்சம் கனமாக இருப்பது இயற்கை. ரொம்பக் கனமாக இருந்தால்தான் கோளாறு.

வட்டம் சொல்லும் சேதி

என் மிஷினின் நோயைக் கண்டுபிடித்தது நானில்லை, என் அம்மா. தையல் மிஷின் பக்கமே போகாதவர். ஆனால் மார்கழி மாதம் வாசலை அடைத்துச் சிக்குக் கோலம் போடுகிற கை. சும்மா கைப்பிடியைப் பிடித்து வளைத்து வளைத்து ஓட்டிப் பார்த்துவிட்டு, "வளைவு நல்லாத்தான் வருது. சோத்தாங்கை பக்கம் திரும்பறப்ப மட்டும் யாரோ முந்தானையப் புடிச்சு இழுக்கற மாதிரி இருக்குடி" என்றார். அதைக் கேட்ட பிறகுதான் வட்டம் போட்டுப் பார்க்கும் யோசனை வந்தது.

பழைய வெள்ளைத் துணியும் வாடிங் துண்டும் மாட்டி, கறுப்பு நூல் கோத்து, கைக்கு வந்த வேகத்தில் ஒரு சாண் அகலத்தில் ஐந்தாறு வட்டம் போடுங்கள். அழகாக வரவேண்டியதில்லை. பிறகு அதைக் கடிகார முகமாக நினைத்துப் பாருங்கள். வட்டத்தின் 3 மணிப் பக்கமும் 9 மணிப் பக்கமும் தட்டையாக, செங்குத்தான கோடு போல இருந்தால், பிடிப்பு இடவல ஓட்டத்தில், அதாவது டேபிள் ரெயிலிலோ வண்டிச் சக்கரத்திலோ இருக்கிறது. 12 மணியும் 6 மணியும் தட்டையாக இருந்தால், முன்பின் ஓட்டத்தில், அதாவது தலைக்குக் கீழே உள்ள சக்கரங்களில் இருக்கிறது.

காரணம் எளிது. வட்டத்தில் வலது ஓரத்துக்கு வரும்போது வண்டி வலது பக்கம் போவதை நிறுத்திவிட்டு இடது பக்கம் திரும்ப வேண்டும். அந்த ஒரு கணம் அது நிற்கிறது. நின்ற சக்கரத்தைக் கிளப்ப, ஓடுகிற சக்கரத்தைத் தள்ளுவதைவிட அதிக விசை வேண்டும். அந்த வித்தியாசம் பெரிதாக இருந்தால் வண்டி அங்கேயே ஒட்டிக்கொள்ளும். தலை மட்டும் முன்பின்னாகப் போய்க்கொண்டே இருக்கும். வளைவு வர வேண்டிய இடத்தில் நேர்கோடு விழும். நீங்கள் வேகத்தைக் கூட்டினால் கோளாறு மறையும், நிதானமாகச் சின்னப் பூ போட்டால் மறுபடி தலைதூக்கும். கை சரியில்லை என்று தன்னையே நொந்துகொள்கிற பலருக்கு உண்மையில் கையில் ஒரு குறையும் இருக்காது.

இதை எண்ணாகவும் பார்க்கலாம். பெட்டி எடை பார்க்கிற தொங்கு தராசு ஒன்று போதும். துணியை எடுத்துவிட்டு, ஊசியை மேலே வைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தராசின் கொக்கியைக் கைப்பிடித் தண்டில் மாட்டி மெதுவாக இழுங்கள். நகரத் தொடங்கும் கணத்தில் எவ்வளவு, ஓடும்போது எவ்வளவு என்று இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். டேபிளின் இடது, நடு, வலது என மூன்று இடத்தில் இரண்டு திசையிலும் பாருங்கள். என் மிஷினில் இடவலம் கிளப்ப 1 கிலோ 100 கிராம், ஓட 600 கிராம். முன்பின் கிளப்ப 450, ஓட 350. நோய் எங்கே என்று தாளிலேயே தெரிந்துவிட்டது. இந்தத் தாளைத் தூக்கி எறியாதீர்கள். ஒவ்வொரு வேலை முடிந்ததும் மறுபடி இழுத்துப் பார்த்து அதிலேயே எழுதுங்கள். எந்த வேலை பலன் தந்தது, எது வெறும் மனத்திருப்தி என்று அப்போதுதான் பிடிபடும்.

காதும் உதவும். மெதுவாகத் தள்ளும்போது டக், டக் என்று சத்தம் வந்தால், எங்கே வருகிறது என்று ரெயிலில் மார்க்கரால் புள்ளி வையுங்கள். எப்போது தள்ளினாலும் ஒரே இடத்தில் வந்தால் ரெயிலில் கோளாறு, பெரும்பாலும் இணைப்பில். இடம் மாறி மாறி, ஆனால் சம இடைவெளியில் வந்தால் சக்கரத்தில் கோளாறு. 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 126 மில்லிமீட்டர் போகும். உங்கள் புள்ளிகளும் அந்த இடைவெளியில் விழுந்தால், சக்கரத்தில் ஏதோ ஓரிடம் தட்டையாகிவிட்டது அல்லது எதுவோ ஒட்டிக்கொண்டிருக்கிறது.

துடைப்பது, அதுவும் சரியான தண்ணியால்

கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கம் இருப்பவர்களுக்குக் கிரானைட் தூசியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. லாரி போன பிறகு ஜன்னல் கம்பியில் விரல் வைத்தாலே தெரியும். அந்தத் தூசியும் வாடிங்கிலிருந்து பறக்கிற பஞ்சும் சேர்ந்தால், ரெயில் மேல் மெல்லிய பிசுக்கு படியும். கண்ணுக்குத் தெரியாது, நகத்தால் சுரண்டினால் வரும்.

இரண்டு பேர் சேர்ந்து தலையைத் தூக்கி மேசை மேல் வையுங்கள். தனியாகத் தூக்க வேண்டாம், இடுப்பு உங்களுடையது. வண்டியையும் எடுத்துத் தலைகீழாகப் போடுங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் அச்சைச் சுற்றிலும் நூலும் தலைமுடியும் சுற்றியிருக்கும். நான் எடுத்த அன்று ஒரே சக்கரத்திலிருந்து மூன்று நிறத்தில் நூல் வந்தது. அதில் சிவப்பு நூல் நான் உபயோகித்ததே கிடையாது, முன்னாள் சொந்தக்காரர் கொடுத்த சீதனம். ஊசியால் அறுத்து, ட்வீசரால் உருவி எடுங்கள். அச்சோடு சேர்ந்து இறுகியிருந்தால் சக்கரத்தையே கழற்றுங்கள்.

ரெயிலைத் துடைக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வாங்குங்கள். எலெக்ட்ரானிக்ஸ் சாமான் கடையில் கிடைக்கும். பனியன் துணியில் நனைத்து, கறுப்பு வராத வரை துடையுங்கள். தீப்பற்றும் சரக்கு, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள். கை கழுவுகிற சானிட்டைசர் வேண்டாம், அதில் உள்ள கிளிசரின் ரெயிலில் பிசுபிசுப்பாக நின்றுவிடும். பெயின்ட் தின்னர் சில பிளாஸ்டிக் சக்கரங்களை இளக்கிவிடும். மண்ணெண்ணெய் எண்ணெய்ப் பூச்சை விட்டுச் செல்லும்.

எண்ணெய் என்றதும் என் வீரசாகசம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முதல் வாரத்தில் நான் ரெயில் முழுக்கத் தையல் மிஷின் எண்ணெயைத் தடவினேன். அன்று சாயங்காலம் வரை பிரமாதம். மறுநாள் தையல் ஒன்று நீளம், ஒன்று குட்டை. தையலை ஒரே நீளத்தில் வைக்கிற ஸ்டிச் ரெகுலேட்டர் உள்ள மிஷின்களில், மிஷின் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பதை என்கோடர் எண்ணிச் சொல்லும். அந்தக் கணக்கை வைத்து மோட்டார் ஊசியை இறக்கும். என்கோடரின் குட்டிச் சக்கரம் எண்ணெயில் வழுக்கினால் கணக்கு தப்பும். நான்காம் நாள் தூசியும் எண்ணெயும் சேர்ந்து தார் மாதிரி ஆகிவிட்டது. எண்ணெய்க்கு இடம் ஊசித்தண்டும் ஹூக்கும்தான். ரெயிலும் சக்கரத்தின் ஓடுமுகமும் எப்போதும் காய்ந்தே இருக்க வேண்டும்.

மட்டம்

கைப்பிடியை விட்டதும் தானாக உருண்டதே, அதற்குக் காரணம் தெரிய எனக்கு வெட்கக்கேடான அளவு நாளாயிற்று. மொட்டை மாடித் தளத்தை எந்த மேஸ்திரியும் சமமாகப் போடமாட்டார். மழைத் தண்ணீர் குழாய்க்குப் போக வேண்டும் என்று வாட்டம் கொடுத்துத்தான் போடுவார். அதன் மேல் ஷீட் போட்டு அறையாக்கிய நமக்கு அது மறந்துபோகிறது. என் மிஷின் உருண்டு போன மூலையில்தான் பழைய மழைநீர்க் குழாயின் வாய் இருந்தது.

மிஷினை ரெயிலின் நடுவில் விட்டுக் கையை எடுங்கள். பிறகு இடது கோடி, வலது கோடியிலும் விடுங்கள். மூன்று இடத்திலும் ஒரே பக்கம் உருண்டால் மொத்த டேபிளும் அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது. இரண்டு கோடியிலிருந்தும் நடுவுக்கு வந்தால் நடுவில் தொய்வு. நடுவிலிருந்து இரு பக்கமும் ஓடினால் நடு மேடு. தலை தானாக முன்னுக்கு வந்தால் முன் ரெயில் தாழ்ந்திருக்கிறது, பின்னுக்குப் போனால் பின் ரெயில்.

சரிசெய்ய, கையடக்க ரசமட்டம் மட்டும் போதாது. 12 அடி நீளத்துக்கு அதைத் துண்டு துண்டாக வைத்துப் பார்த்தால் சின்னச் சின்னப் பிசகு கூடிக்கொண்டே போகும். இங்கே வீடு கட்டுகிறவர்கள் கையாளும் டியூப் லெவலைவிட நல்ல கருவி இதற்குக் கிடையாது. 20 அடி ட்ரான்ஸ்பரன்ட் டியூபில் தண்ணீர் நிரப்புங்கள், கண்ணுக்குத் தெரிய இரண்டு துளி சொட்டு நீலம் விடுங்கள். குமிழி ஒன்றுகூட இருக்கக்கூடாது. இருந்தால் அளவு பொய் சொல்லும். ஒரு முனையை ஒரு கோடியில் ரெயிலுக்குப் பக்கத்தில் கட்டிவிட்டு, மறு முனையை மற்ற இடங்களுக்குக் கொண்டுபோங்கள். தண்ணீர் நிற்கும் கோடும் ரெயிலின் மேல்முகமும் எல்லா இடத்திலும் ஒரே இடைவெளியில் இருக்க வேண்டும். முதலில் பின் ரெயிலை நீளவாக்கில் மட்டமாக்குங்கள், அப்புறம் முன் ரெயிலை அதற்குச் சமமாகக் கொண்டுவாருங்கள்.

கால்களில் உள்ள போல்ட்டால் ஏற்றி இறக்கலாம். என்னுடைய போல்ட்டின் நீளம் மாடி வாட்டத்துக்குப் போதவில்லை. ஒரு கிரானைட் பட்டறை வாசலில் குவித்துப் போட்டிருந்த பாலிஷ் துண்டுகளைக் கேட்டேன். எடுத்துக்கோங்க என்று விட்டுவிட்டார்கள். உள்ளங்கையளவு துண்டுகள், 18 மில்லிமீட்டர் கனம். கால்களுக்கு அடியில் வைத்தேன். மரக்கட்டை மாதிரி நசுங்காது, ரப்பர் மாதிரி ஆடாது. நம் ஊரில் இது ஒரு வசதி.

மட்டம் பார்த்து முடித்ததும் தலையை ஏற்றி மறுபடி பாருங்கள். 25 கிலோ ஏறினால் டேபிள் கொஞ்சம் வளையும். நடுக்கால் தரையைத் தொட்டுச் சுமை வாங்குகிறதா என்று அடியில் ஒரு தாளைச் செருகி இழுத்துப் பாருங்கள். சும்மா தொங்கிக்கொண்டிருக்கும் நடுக்கால் நிறைய வீடுகளில் உண்டு.

ரெயில்

இரண்டு ரெயிலும் இணையாக இருக்கிறதா என்பது மட்டத்துக்கு அடுத்த பெரிய விஷயம். டேப் வைத்து அளந்தால் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் தப்பிவிடும். ஒரு கோடியில் இரண்டு ரெயிலுக்கும் நடுவே இறுக்கமில்லாமல் கச்சிதமாக நுழைகிற மாதிரி ஒரு மரச்சட்டம் வெட்டிக்கொள்ளுங்கள். அதை நீளம் முழுக்க நகர்த்துங்கள். எங்கே சிக்குகிறதோ அங்கே ரெயில் நெருங்கியிருக்கிறது, எங்கே ஆடுகிறதோ அங்கே விலகியிருக்கிறது. நடுவில் பள்ளம் வெட்டிய சக்கரங்கள் ரெயிலைக் கவ்வி ஓடுவதால், ரெயில் விலகினாலும் நெருங்கினாலும் பக்கவாட்டில் உரசி இழுக்கும். அப்புறம் ஃப்ரேமின் எதிரெதிர் மூலைகளை அளந்து பாருங்கள். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இல்லாவிட்டால் ஃப்ரேம் கோணலாகக் கோக்கப்பட்டிருக்கிறது. போல்ட்டுகளைத் தளர்த்தி, நேராக்கி, மறுபடி முறுக்குங்கள்.

12 அடி ரெயில் பெரும்பாலும் இரண்டு துண்டாக வரும். இணைப்பில் விரல் நகத்தை இரண்டு பக்கமிருந்தும் ஓட்டுங்கள். நகம் தட்டினால் சக்கரமும் தட்டும். அடியில் உள்ள திருகைத் தளர்த்தி இரண்டு முனையையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவருவதுதான் மருந்து. அதற்கும் அடங்காத பிசிறு மட்டும் இருந்தால் 1000 நம்பர் எமரித் தாளால் லேசாகத் தேய்க்கலாம். அரத்தைத் தொடாதீர்கள். அலுமினியம் ஒருமுறை பள்ளமானால் திரும்பி வராது.

ரெயில் வளைந்திருக்கும் என்று சந்தேகமா? மேஸ்திரி சுவருக்கு நூல் பிடிப்பது போல இரண்டு கோடிக்கும் நூல் பிடித்துப் பாருங்கள். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால், துண்டைக் கழற்றிப் பாலிஷ் போட்ட கிரானைட் பலகை மேல் படுக்க வைத்து, பின்னாலிருந்து டார்ச் அடியுங்கள். இடைவெளி இருக்கும் இடத்தில் வெளிச்சம் வரும். ஓசூர் டூல் ரூம்களில் அளவு பார்க்கும் சர்ஃபேஸ் பிளேட்டும் கிரானைட்தான். அது பல மடங்கு துல்லியமாகத் தேய்த்தது என்பதுதான் வித்தியாசம்.

சக்கரம், பேரிங்

இதுவரை சொன்னதை முடித்துவிட்டு மறுபடி தராசை மாட்டினேன். இடவலம் கிளப்ப 1 கிலோ 100 இருந்தது 650 ஆகியிருந்தது. செலவு ஆல்கஹாலும் டியூபும் மட்டும். மீதியைச் சக்கரத்தில்தான் தேட வேண்டும்.

முதலில் நாலு சக்கரமும் ரெயிலைத் தொடுகிறதா என்று பாருங்கள். பில் தாளைக் கிழித்து ஒவ்வொரு சக்கரத்துக்கு அடியிலும் செருகி இழுங்கள். ஒன்று மட்டும் சுலபமாக வந்தால், அந்தச் சக்கரம் சும்மா தொங்குகிறது, மற்ற மூன்றும் அதன் சுமையையும் சுமக்கின்றன. சில மிஷின்களில் ஒரு சக்கரத்தின் அச்சு நடுவில் இல்லாமல் ஓரம் தள்ளி இருக்கும். அதைத் திருப்பினால் சக்கரம் ஏறி இறங்கும். அப்படி இருந்தால் வேலை சுலபம்.

அடுத்து, சக்கரத்தைக் கழற்றி விரலில் மாட்டிச் சுற்றுங்கள். மணல் அரைக்கிற மாதிரி உணர்ந்தால் பேரிங் போயிற்று. சுற்றி நிற்கும் முன் எப்போதும் ஒரே இடத்தில் ஆடி ஆடி நின்றாலும் சந்தேகப்படுங்கள். பேரிங்கின் பக்கவாட்டில் நம்பர் இருக்கும். 608 என்றால் உள்துளை 8, வெளிவிட்டம் 22, அகலம் 7 மில்லிமீட்டர். ஸ்கேட்டிங் சக்கரத்தில் வருவதும் இதுதான், எங்கும் கிடைக்கும். 626 என்றால் 6, 19, 6. 625 என்றால் 5, 16, 5. நம்பர் அழிந்திருந்தால் வெர்னியரால் அளந்து கொண்டுபோங்கள், கடைக்காரர் நம்பரைச் சொல்லிவிடுவார்.

நம்பருக்குப் பின்னால் வரும் எழுத்துதான் முக்கியம். இசட் இசட் என்றால் இரு பக்கமும் தகர மூடி. அது உள்வளையத்தைத் தொடாது, ஆகவே லேசாகச் சுற்றும், ஆனால் பொடித்தூசி உள்ளே போகலாம். டூ ஆர்எஸ் என்றால் ரப்பர் மூடி; தூசி போகாது, ஆனால் ரப்பர் உரசுவதால் கொஞ்சம் இறுக்கம். ஒரு கையால் தள்ளும் மிஷினில் அந்த இறுக்கம் நன்றாகவே தெரியும். நான் இசட் இசட் போட்டு, வேலை முடிந்ததும் மிஷின் மேல் பழைய பெட்ஷீட் போர்த்துகிறேன். குவாரி சாலை ஓரத்தில் வீடு என்றால் ரப்பர் மூடியே மேல். புதுப் பேரிங்கில் கிரீஸ் கெட்டியாக இருப்பதால் முதல் இரண்டு நாள் பழசைவிடக் கனமாகக்கூடத் தோன்றும், பயப்படாதீர்கள்.

மாட்டும்போது சுத்தியல் வேண்டாம். பேரிங்கைச் சக்கரத்துக்குள் இறக்கும்போது வெளிவளையத்தில் மட்டும் அழுத்தம் விழ வேண்டும். அதே அளவு ஸ்பேனர் சாக்கெட் ஒன்றை வைத்து வைஸில் மெதுவாக நெருக்குங்கள். உள்வளையத்தில் அடித்தால் குண்டுகள் பள்ளத்தில் தழும்பு விழுத்தும். புதுப் பேரிங் அங்கேயே பழசாகிவிடும். ஒரு சக்கரத்தில் இரண்டு பேரிங் இருந்தால் நடுவில் ஸ்பேசர் குழாய் இருக்கிறதா பாருங்கள். அது இல்லாமல் அச்சுப் போல்ட்டை முறுக்கினால் உள்வளையங்கள் இரண்டும் ஒன்றையொன்று நோக்கி நசுங்கி, சக்கரம் இறுகும். முறுக்கிய பிறகும் சக்கரம் முன்போலவே சுற்றுகிறதா என்று ஒவ்வொன்றையும் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும்.

என் வண்டியில் பேரிங் மட்டும் மாற்றியும் தீரவில்லை. இரண்டு சக்கரம், மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்று, தட்டையாகியிருந்தன. ஓசூரில் ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கே வேலை செய்கிற தம்பி ஒரு சக்கரத்தை மாட்டி, ஆட்டத்தை அளக்கிற டயல் வைத்துச் சுற்றினார். முள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஆடியது. "அக்கா, இது தட்டை மட்டும் இல்ல. அவுட்டும் அடிக்குது பாருங்க. மொதல்லயே துளை சென்டர்ல இல்ல" என்றார். அசிட்டால் என்கிற கெட்டி பிளாஸ்டிக் ராடில் எட்டுச் சக்கரமும் புதிதாகக் கடைந்து கொடுத்தார்.

அப்படிச் செய்யச் சொல்கிறவர்கள் பட்டறையில் ஒன்றை மட்டும் வலியுறுத்துங்கள்: வெளிவட்டம், பள்ளம், பேரிங் உட்காரும் குழி மூன்றையும் ஒரே செட்டிங்கில் கடைய வேண்டும். கடைகிற துண்டை நடுவில் கழற்றித் திருப்பி மாட்டினால் மையம் தப்பும். பழைய சக்கரத்தின் பள்ளக் கோணத்தை அப்படியே எடுக்கச் சொல்லுங்கள். இரும்புச் சக்கரம் செய்து தருகிறேன் என்றால் வேண்டாம், அலுமினிய ரெயிலை அது தின்றுவிடும். எட்டும் ஒரே விட்டத்தில் இருக்க வேண்டும் என்பதையும் தாளில் எழுதிக் கொடுங்கள்.

விட்டத்தில் இன்னொரு சூட்சுமம். என்கோடருக்குத் தனிக் குட்டிச் சக்கரம் இருந்தால் கவலையில்லை. சில மிஷினில் என்கோடர் ஓடும் சக்கரத்தோடேயே இணைந்திருக்கும். அங்கே 40 மில்லிமீட்டருக்குப் பதில் 42 போட்டால் அதே தூரத்துக்குச் சக்கரம் குறைவாகச் சுற்றும், தையல் 5 சதவீதம் நீளும். புதுச் சக்கரம் போட்டதும் 10 அங்குலக் கோடு ஒன்று தைத்துத் தையலை எண்ணுங்கள். அங்குலத்துக்கு 10 என்று வைத்திருந்தால் 100 வர வேண்டும். இடவலமாக ஒன்று, முன்பின்னாக ஒன்று என்று இரண்டு கோடும் எண்ணுங்கள். என்கோடர் சக்கரம் ரெயிலை லேசாகத் தொட்டால் போதும். ஸ்பிரிங்கை இறுக்கினால் அதுவே பிரேக் ஆகிவிடும்.

ஓசூர்ப் பட்டறைகளில் போனால் சக்கரத்தையே தூக்கிவிட்டு, குண்டுகள் வைத்த பிளாக் வழுக்கி ஓடுகிற லீனியர் கைடு ரெயில் போட்டுவிடலாம் என்று ஆசை காட்டுவார்கள். கம்ப்யூட்டர் ஓட்டுகிற சிஎன்சி மிஷினில் பார்த்துப் பழகியவர்களுக்கு அது இயல்பு. என் கருத்து, கையால் ஓட்டும் மிஷினுக்கு வேண்டாம். அந்தப் பிளாக்கில் குண்டுகள் நெருக்கமாகவும், சீல் உரசிக்கொண்டும் இருப்பதால், பாரம் தாங்குவதில் கில்லாடி, விரல் நுனியால் நகர்வதில் இல்லை. அதோடு, அது உட்காரும் முகம் மிஷினிங் செய்த மாதிரி நேராக இருக்க வேண்டும். மடக்கிக் கோத்த ஃப்ரேமில் அது நடக்காது.

சக்கரத்தில் இல்லாத பிடிப்பு

எல்லாம் முடிந்தும் ஒரு நாள் மறுபடி முந்தானையை இழுத்தது. ஒரு மணி நேரம் சக்கரத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். பார்த்தால் கரண்ட் வயர். டேபிள் காலில் டேக் போட்டுக் கட்டியிருந்த இடத்திலிருந்து வலது கோடிக்கு நீளம் எட்டவில்லை. வயரை மேலே ஒரு கம்பியில் வளையங்களில் தொங்கவிட்டு, கடைசிக் கோடி வரை தொளதொளவென்று வரும்படி விடுங்கள். வயரைப் பிடுங்கி ஒரு முறை, மாட்டி ஒரு முறை தராசால் இழுத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

துணியையும் மத்தளம் மாதிரி விறைப்பாக இழுக்காதீர்கள். அடியிலிருந்து விரலால் தூக்கினால் மேலிருந்து இன்னொரு கையால் அந்த விரல் நுனியைத் துணியோடு பிடிக்க முடிய வேண்டும், அந்த அளவு போதும். ரொம்ப இறுக்கினால் ஊசி துணிக்குள் இருக்கும் நேரத்தில் அதுவே மிஷினைப் பிடித்து நிறுத்தும், ஊசியும் வளையும். குயில்ட் முடிய முடிய, முடிந்த பகுதி சுற்றுகிற ரோலர் பருத்துக்கொண்டே போய் மிஷின் கழுத்தில் இடிக்கும். அல்லது துணி தாழ்ந்து ஊசித் தட்டில் தேயும். துணிக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு விரல் நுனி நுழைகிற அளவுக்கு ரோலரை அவ்வப்போது ஏற்றி வையுங்கள். பாதத்தின் உயரமும் பாருங்கள். ஊசி கீழே இருக்கும்போது பாதம் துணியை லேசாகத் தொட வேண்டும், அழுத்தக்கூடாது. கனமான வாடிங்குக்கு மாறினால் உயரத்தையும் மாற்றுங்கள்.

இதெல்லாம் முடிந்த பின் என் தாளில் கடைசி வரி: இடவலம் கிளப்ப 420, ஓட 330. முன்பின் 300, 250. வட்டத்தின் 3 மணி இப்போது உருண்டையாக இருக்கிறது. அம்மாவைக் கூப்பிட்டு ஓட்டச் சொன்னேன். எட்டுப் புள்ளி வைத்த கோலம் ஒன்றை அப்படியே மிஷினில் போட்டுவிட்டு, "நூலு வேற கலர்ல போட்டிருக்கலாம்" என்று குறை சொல்லிவிட்டுக் கீழே போய்விட்டார்.

இனிப் பராமரிப்புதான். புதிய குயில்ட் மாட்டும்போதெல்லாம் ரெயிலைக் காய்ந்த பனியன் துணியால் ஒரு ஓட்டு. மாதம் ஒருமுறை ஆல்கஹால். புதுச் சக்கரத்தோடு முதல் குயில்ட் முடிந்ததும் எல்லாப் போல்ட்டையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். முதல் சில நாளில்தான் தளரும். மிஷினைப் பல நாள் சும்மா விட வேண்டியிருந்தால் ஒரே இடத்தில் நிறுத்திவைக்காமல், அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு சாண் தள்ளி விடுங்கள்.